மணி அடித்தது, யாரும் எழுந்திருக்கவில்லை

பால் பொங்கவில்லை. புகைதான் பொங்கியது.

எங்கள் தமிழ்ப்பள்ளியின் புத்தம் புதுக் கட்டடம். மாடிப்படிக்குக் கீழே மூன்று செங்கல். அதன்மேல் மஞ்சள் பூசிய பித்தளைப் பானை. முதல்நாள் இரவு பெய்த மழையில் நனைந்த தென்னை மட்டையை அடுப்பில் திணித்து, கன்னம் உப்ப ஊதிக்கொண்டிருந்தார் சுப்பையா அண்ணன். அவர் தோட்டத்துக் கோயில் பொருளாளர். அவர் ஊத ஊத நெருப்பு உள்ளே போனது, புகை வெளியே வந்தது.

பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவன் என்ற முறையில் நான் பக்கத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பால் பொங்கியதும் "பொங்கிருச்சு!" என்று அறிவிக்க வேண்டும். என் வேலை அவ்வளவுதான்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கிளம்பியது. கூரையிலிருந்தா, சுவரிலிருந்தா, தரையிலிருந்தா என்று தெரியவில்லை. நான் மைக் செட் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவன். எத்தனையோ திருவிழாவில் எத்தனையோ ஒலிபெருக்கி அலறக் கேட்டிருக்கிறேன். இப்படி ஒரு அலறலைக் கேட்டதில்லை.

சுப்பையா அண்ணன் ஊதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "தலைவரே, ஒங்க மைக்கா இது? கொஞ்சம் கொறைங்க லா!"

என் மைக்கை நான் இன்னும் முடுக்கவே இல்லை.

அதே நேரத்தில் மாடியில், இரண்டாம் ஆண்டு வகுப்பில், என் மகள் கவிஷா கடைசி வாசிப்புச் சோதனைக்கு எழுந்து நின்றிருந்தாள். அதில் அவள் வாசிக்கவில்லை என்றால் குளுவாங் டவுனில் இன்னொரு பள்ளியில் இருக்கும் சிறப்பு வகுப்புக்கு அவளை மாற்றச் சொல்லி ஆசிரியை எழுதிவிடுவார். வகுப்பு வாசலில் என் மனைவி கோமதி இரண்டு கையையும் பிசைந்துகொண்டு நின்றாள். கீழே நான் பால் பானைக்குக் காவல்.

இதைச் சொன்னால் போதாது. பழைய பள்ளியைச் சொல்ல வேண்டும்.

ஒரு கூரை, ஆறு வகுப்பு

ஜொகூரில், லாயாங் லாயாங் டவுனிலிருந்து பண்டார் தெங்காரா போகிற பக்கம், செம்பனைத் தோட்டத்துக்குள் இருந்தது பழைய பள்ளி. பலகைச் சுவர், தகரக் கூரை, நடுவில் தடுப்பே இல்லாத ஒரே கூடம். ஒன்றாம் ஆண்டும் இரண்டாம் ஆண்டும் ஒரு மூலை. மூன்றும் நான்கும் நடுவில். ஐந்தும் ஆறும் அந்தக் கோடி. வகுப்புக்கும் வகுப்புக்கும் இடையே ஓர் இரும்பு அலமாரி. அதுதான் சுவர்.

அலமாரி கண்ணை மறைக்கும், காதை மறைக்குமா? ஆறாம் ஆண்டில் கேள்வி கேட்டால் மூன்றாம் ஆண்டிலிருந்து பதில் வரும். ஒன்றாம் ஆண்டில் பாட்டுப் பாடினால் ஐந்தாம் ஆண்டுப் பையன்கள் மேசையில் தாளம் போடுவார்கள். ஒருமுறை மேலிடத்திலிருந்து பார்வையிட ஓர் அதிகாரி வந்தார். ஒன்றாம் ஆண்டுப் பிள்ளை ஒன்றிடம், "செடி எப்படிம்மா வளருது?" என்று அன்பாகக் கேட்டார். "ஒளிச்சேர்க்கை" என்றது பிள்ளை. அதிகாரி அசந்துபோய், "கெட்டிக்காரி! சரி, இது என்ன பழம்?" என்று படத்தைக் காட்டினார். பிள்ளை விழித்தது. அந்தப் பாடம் நடந்த அன்றைக்கு ஆறாம் ஆண்டில் சத்தம் அதிகமாக இருந்திருக்க வேண்டும்.

மழை வந்தால் எல்லாருக்கும் ஒரே பாடம்தான். தகரத்தில் மழை விழுகிற சத்தத்தில் ஆசிரியர்கள் வாயசைப்பார்கள், பிள்ளைகள் தலையாட்டுவார்கள். ஜொகூர் மழை அரைமணியில் விடுகிற மழையா?

இத்தனைக்கும் நடுவில் கற்றுக்கொடுத்து அந்த ஆசிரியர்களின் தொண்டையே வேறு மாதிரி ஆகிவிட்டது. பத்மா டீச்சரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கும் இரண்டுக்கும் அவர்தான். தங்கமான மனுஷி. ஆனால் லாயாங் லாயாங் மளிகைக் கடையில் அவர் "அரைக் கிலோ சின்ன வெங்காயம்!" என்று கேட்டால் ரயில் நிலையத்தில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அவருடைய கைப்பையில் எப்போதும் தொண்டை மிட்டாய் இருக்கும். பேசாத நேரத்தில் அதை வாயில் போட்டுக்கொள்வார். பேசாத நேரம் குறைவு.

பைத்தியமும் கல்யாணமும்

புதுக் கட்டடம் கேட்டு நாங்கள் ஏறாத படி இல்லை. போகிற இடத்திலெல்லாம், "பிள்ளைகள் எண்ணிக்கை குறைவாக இருக்கிறதே" என்றார்கள். திரும்பி வந்து பெற்றோர்களிடம் பிள்ளை கேட்டால், "மொதல்ல நல்ல கட்டடம் வரட்டும் தலைவரே, அப்புறம் அனுப்புறோம்" என்றார்கள். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதை.

இந்த இடத்தில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என்னைத் தலைவராக்கியது என் திறமைக்காக இல்லை. சங்கக் கூட்டத்துக்கு மைக் வாடகை கொடுக்கக் கட்டுப்படியாகவில்லை. மைக் வைத்திருப்பவனையே தலைவராக்கிவிட்டால் தொல்லை விட்டது என்று சுப்பையா அண்ணன்தான் முன்மொழிந்தார்.

கடைசியில் சாலையோரமாக ஒரு நிலம் கிடைத்தது. "புதிய பள்ளிக் கட்டடம் இங்கே எழும்பும்" என்று பலகை நட்டார்கள். பலகை எழும்பியது, கட்டடம் எழும்பவில்லை. அளப்பவர்கள் வந்து குச்சி நட்டு, சிவப்பு நாடா கட்டிவிட்டுப் போவார்கள். அடுத்த வாரம் சுப்பையா அண்ணனின் ஆடுகள் நாடாவைத் தின்றுவிடும். மறுபடி வருவார்கள், மறுபடி கட்டுவார்கள். ஒரு புயல் காற்றில் பலகையும் விழுந்தது. சில நாள் கழித்து அதே பலகையை அவருடைய ஆட்டுக் கொட்டகைக்குக் கூரையாகப் பார்த்தேன்.

"என்னண்ணே இது?"

"எழும்பும்னு போட்டிருக்கில்ல தலைவரே. எங்கயோ ஒரு எடத்துல எழும்பட்டுமே லா" என்றார் அவர்.

சும்மா சொல்லக்கூடாது. அது எழும்பிய பிறகு கட்டடமும் எழும்பத்தான் செய்தது. இரண்டு மாடி, வகுப்புக்கு ஓர் அறை, அறைக்கு நாலு சுவர். சுவருக்கு வெள்ளை அடித்த அன்று கோமதியைக் கூட்டிப் போய்க் காட்டினேன். அவள் எதையும் பார்க்கவில்லை. ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளேயிருந்து ஏதோ சொன்னாள். கதவைத் திறந்து, "நான் சொன்னது கேட்டுச்சா?" என்றாள்.

"இல்லையே."

"அது போதும்" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் அடிக்கடி பார்த்ததில்லை.

மைக் செட் வீட்டில் ஒரு மௌனம்

அந்த நிம்மதிக்குக் காரணம் கவிஷா.

எங்கள் வீட்டில் யாருக்கும் மெல்லப் பேச வராது. நான் ஒரு ஒலிபெருக்கி. என் அம்மா வீட்டுப் பக்கம் அத்தனை பேரும் அப்படித்தான். கோமதி கோபத்தில் கூப்பிட்டால் அடுத்த வரிசை வீடுகளில் இருக்கிறவர்கள் கதவைத் திறந்து, "என்னாச்சு?" என்பார்கள். இந்தக் குடும்பத்தில் கவிஷா வந்து பிறந்தாள். அவள் குரல் அவளுடைய சட்டைப் பித்தானைத் தாண்டாது. பசி என்றாலும் மெல்ல, வலி என்றாலும் மெல்ல. விளையாட்டில் ஜெயித்தாலும், "ஜெயிச்சிட்டேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்.

அவளுக்குப் படிக்கத் தெரியும். ராத்திரி படுக்கையில் கோமதியின் காதோரம் வாயை வைத்து முழுக் கதையும் படிப்பாள். பள்ளியில் எழுந்து நிற்க வைத்தால் கதை வேறு. அந்தப் பக்கம் வாய்ப்பாடு, இந்தப் பக்கம் பாட்டு, நடுவில் இவள் உதடு மட்டும் அசையும். பத்மா டீச்சர் பக்கத்தில் குனிந்து, "சத்தமா படிம்மா!" என்று சொல்வார். அவர் மெல்லச் சொல்வதே நமக்கு அதட்டல். அவள் உதடும் மூடிக்கொள்ளும்.

டீச்சர் எங்களைக் கூப்பிட்டுப் பேசினார். "ஒங்க மக எழுத்து அழகா இருக்குங்க. ஆனா பாத்துதான் எழுதுறா, புரிஞ்சு எழுதல. இப்படியே விட்டா ரொம்பப் பின்தங்கிருவா. குளுவாங்குல இதுக்குன்னே சிறப்பு வகுப்பு இருக்கு. நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"என் மக படிக்கிறா டீச்சர். நான் கேட்டுருக்கேன்" என்றாள் கோமதி.

"நீங்க சொல்லிக் குடுத்ததத் திருப்பிச் சொல்றாளோ என்னமோ."

அந்த வகுப்பு தேவைப்படும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அங்கே போய் நன்றாக வந்த பிள்ளைகளையும் நான் அறிவேன். ஆனால் காலில் முள் குத்தியவனைக் கண் மருத்துவரிடம் அனுப்பினால் எப்படி? கோமதி அன்று வழி முழுக்க அழுதுகொண்டு வந்தாள். சத்தமில்லாமல் அழுதாள். மகள் யாரைக் கொண்டு பிறந்திருக்கிறாள் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

தொழில் தெரிந்தவன் சும்மா இருக்கலாமா? மறுநாளே கம்பியில்லா மைக் ஒன்றை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன். ஒலிபெருக்கியை அலமாரி மேல் வைத்தேன். டீச்சர் பொறுமையாக, "சரி, படிக்கச் சொல்லுங்க" என்றார்.

கவிஷா மைக்கை இரண்டு கையாலும் பிடித்தாள். மூன்று மூலையும் அடங்கியது. அவள் வாயைத் திறந்து மிகத் தெளிவாகச் சொன்னாள்:

"ஹலோ, ஹலோ. மைக் டெஸ்டிங்."

எங்கள் வீட்டில் மைக்கைப் பிடித்தால் அதைத்தானே சொல்வோம். ஆறு வகுப்பும் கைதட்டியது. அடுத்த நொடி தகரக் கூரையில் ஒலி மோதித் திரும்பி மைக்குக்குள் புகுந்து, கூடமே ஊளையிட்டது. தோட்டத்து நாய்கள் எல்லாம் பதில் கொடுத்தன.

சத்தம் அடங்கிய பிறகு டீச்சர் வருத்தத்தோடு என்னைப் பார்த்தார். "பாத்தீங்களா? நீங்க சொல்றத அப்படியே சொல்றா. படிக்கல."

நல்லது செய்யப் போய் நானே சாட்சி சொல்லிவிட்டு வந்தேன். கோமதி மூன்று நாள் என்னிடம் பேசவில்லை. எங்கள் வீட்டில் அவ்வளவு அமைதி அதற்கு முன்பு இருந்ததில்லை.

கடைசியாகக் கோமதி ஒன்றே ஒன்று கேட்டாள். "புதுக் கட்டடத்துக்குப் போன அன்னைக்கு, கதவச் சாத்தி வச்சு ஒரே ஒரு தடவ படிக்கச் சொல்லுங்க டீச்சர். அதுக்கப்புறம் நீங்க என்ன எழுதினாலும் நான் கேக்குறேன்." டீச்சர் ஒப்புக்கொண்டார்.

குடிபோவது என்றால் சும்மாவா

கட்டடத்துக்குள் நுழைகிற நாள் வந்தது. பால் காய்ச்ச வேண்டும் என்றார் சுப்பையா அண்ணன்.

தலைமையாசிரியரை நாங்கள் பெரிய வாத்தியார் என்போம். அவர் தலையில் கை வைத்தார். "அலமாக்! அடுப்பெல்லாம் பத்த வைக்கக் கூடாதுண்ணே. புதுக் கட்டடம், ஏகப்பட்ட சட்டம் இருக்கு."

"வாடகை வீட்டுக்குப் போனாலே பால் காய்ச்சுறோம். இது நம்ம சொந்தப் பள்ளிக்கூடம். காய்ச்சாமப் போயி நாளைக்குப் புள்ளைங்க பரீட்சையில கோட்டை விட்டா நீங்க பதில் சொல்லுவீங்களா சார்?"

மாடிப்படிக்குக் கீழே, யார் கண்ணிலும் படாமல், சட்டென்று முடித்துவிட வேண்டும் என்று உடன்பாடு ஆனது. டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் காதர் பாய் பால் அனுப்பினார். "பொங்கினதும் சொல்லுங்க, டீத்தூளோட ஆள் அனுப்புறேன்" என்று சொல்லியும் அனுப்பினார்.

அடுப்புக்கு நேர் மேலே, கூரையில் வெள்ளையாக வட்டமாக ஒன்று இருந்தது. "வெளக்கு போட்டிருக்கான், எரியவே இல்ல பாருங்க. இதுதான் கட்டடம் கட்டுன குத்தகைக்காரன் வேல" என்று சுப்பையா அண்ணன் குறைப்பட்டுக்கொண்டார். அது விளக்கு இல்லை. புகையை மோப்பம் பிடிக்கிற கருவி.

சத்தம் என்றால் என்ன

ஆக, மணி அலறுகிறது. பானை புகைக்குள் மறைந்துவிட்டது. நான் தலைவன். ஏதாவது செய்ய வேண்டுமே என்று மைக்கை முடுக்கி, "பெற்றோர்களே, பதற்றம் வேண்டாம்!" என்றேன். அதனால் சத்தம் இரண்டாயிற்று. பெரிய வாத்தியார் நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். மாடியிலிருந்து யாரும் இறங்கி வரவில்லை. ஒரு பிள்ளைகூட வரவில்லை, ஓர் ஆசிரியர்கூட வரவில்லை. ஐந்தாம் ஆண்டில் பின்னக் கணக்கு நடக்கிறது. மூன்றாம் ஆண்டில் செய்யுள் ஓடுகிறது. அத்தனை பேரும் குரலை ஒரு கட்டை ஏற்றிக்கொண்டு பாடம் நடத்திக்கொண்டிருந்தார்கள். தகரக் கூரைக்குக் கீழே வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் ஒரு சத்தமா? நல்ல மழை என்று நினைத்திருப்பார்கள்.

பள்ளிக் காவலாளி மட்டும் விவரமானவர். பொம்பாவுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார். நம் ஊரில் தீயணைப்பு வண்டிக்கு அதுதான் பெயர். வண்டி எப்படித்தான் வந்ததோ, சிவப்பாக வந்து வாசலில் நின்றது. அதிகாரி குதித்து இறங்கினார். வெறும் திடலைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"சிக்கு, புடாக்-புடாக் மானா?" வாத்தியாரே, பிள்ளைகள் எங்கே என்று பெரிய வாத்தியாரை உலுக்கினார்.

பெரிய வாத்தியார் மாடியைக் காட்டி, மலாயில், "படித்துக்கொண்டிருக்கிறார்கள்" என்றார்.

அதிகாரி தன் தொழிலில் இப்படி ஒரு பதிலைக் கேட்டிருக்க மாட்டார். அவருடைய ஆட்கள் அடுப்பில் தண்ணீரை ஊற்றினார்கள். பால் பானையிலும் சேர்த்துத்தான் ஊற்றினார்கள். சுப்பையா அண்ணன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். அதிகாரி மாடிக்கு ஓட, நானும் மைக்கோடு பின்னால் ஓடினேன்.

இரண்டாம் ஆண்டு வகுப்பின் வாசலில் கோமதி நின்றாள். கண் கலங்கியிருந்தது. "இங்கயும் சத்தமாங்க? அவளுக்கு மட்டும் ஏங்க இப்படி?" என்று என் காதில் கத்தினாள்.

கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மனப்பாடம் பண்ணிய பாடமாக இருக்கக் கூடாது என்று பத்மா டீச்சர் புத்தகத்தை மூடி வைத்திருந்தார். அதற்குப் பதில் அன்று காலைதான் சுவரில் ஒட்டிய ஏதோ ஓர் அறிவிப்பைக் காட்டி, அதைப் படிக்கச் சொல்லியிருந்தார். கவிஷா அதன் முன்னால் நின்றாள். உதடு அசைந்தது. டீச்சர் பழைய கூடத்தில் கத்துவதைப் போலவே, "சத்தமா! கேக்கல! சத்தமா!" என்று கத்திக்கொண்டிருந்தார். அவள் நிறுத்தவில்லை. முடித்துவிட்டு மறுபடி முதல் வரிக்குப் போனாள் என்று பிறகு தெரிந்தது. எனக்கு அந்த இடத்தில் உலகத்தில் உள்ள எல்லா ஒலிபெருக்கியையும் போட்டு உடைக்கலாம் போலிருந்தது.

கீழே ஒருவர் எதையோ திருகினார். மணி நின்றது.

அதற்குப் பிறகு

அப்படி ஓர் அமைதியை அந்தப் பிள்ளைகள் தங்கள் பள்ளி வாழ்க்கையில் கேட்டதே இல்லை. நாலு சுவரும் தங்கள் வேலையைச் செய்தன. பக்கத்து வகுப்புச் செய்யுள் இல்லை, அடுத்த வகுப்புக் கணக்கு இல்லை. "சத்தமா!" என்று டீச்சர் கத்திய கடைசிக் குரல் சுவரில் பட்டு அவர் மேலேயே விழுந்தது. அவர் திடுக்கிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

அந்த அமைதியில், பொம்பா அதிகாரி திறந்த கதவு வழியாக, வெளியே நின்ற எனக்கும், மைக் இல்லாமல், மெல்லிய ஒரு குரல் கேட்டது.

"தீ மணி ஒலித்தால், மாணவர்கள் ஓடக் கூடாது. பைகளை எடுக்கக் கூடாது. வரிசையாகப் படியிறங்கித் திடலுக்குச் செல்ல வேண்டும். யாரும் வகுப்பறையில் இருக்கக் கூடாது."

ஓர் எழுத்து பிசகவில்லை. கோமதி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் அழுதேன். வெட்கப்படாமல் அழுதேன். மைக் முடுக்கியே இருந்ததால் அது பள்ளி முழுக்கக் கேட்டது என்று சுப்பையா அண்ணன் இன்றைக்கும் சொல்கிறார்.

பொம்பா அதிகாரி, பிள்ளை என்ன படிக்கிறாள் என்று கேட்டார். மலாயில் சொன்னேன். மனிதர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு நிற்காமல் தொப்பியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

பத்மா டீச்சர் கவிஷாவின் பக்கத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்தார். அவர் பேசியபோது எனக்கு யார் பேசுகிறார்கள் என்றே தெரியவில்லை. அத்தனை வருஷமும் அந்தக் கத்தலுக்குக் கீழே இவ்வளவு இனிமையான ஒரு குரல் கிடந்திருக்கிறது.

"நல்லா படிக்கிறியே கண்ணு. டீச்சருக்காக இன்னொரு தடவ படிக்கிறியா?"

கவிஷா டீச்சரைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். கதவில் நின்ற பொம்பாக்காரரைப் பார்த்தாள். பிறகு தன் வழக்கமான குரலில் சொன்னாள்.

"அப்புறம் படிக்கிறேன் டீச்சர். மொதல்ல எல்லாரும் வெளிய போகணும். அப்படித்தான் போட்டிருக்கு."

பத்மா டீச்சர் எழுந்து முதல் ஆளாக வரிசையில் நின்றார். குளுவாங் பேச்சை அதன் பிறகு அவர் எடுக்கவே இல்லை.